சம்பள நாளில் வழி தவறிய வேன்

தோட்டப்புறத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் எமது வியாபாரிகளுக்கு மாதத்தின் 10ஆம் திகதி எப்படிப்பட்ட நாள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டத்தில் சம்பளம் போடும் நாள் அது. கடன் கொப்பியோடு அன்று மாலைக்குள் லயத்தடிக்குப் போகாதவர், மறுநாள் போய்ப் பயனில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் அப்படியொரு நாளில் எனது வேன் சாரதிக்குக் காய்ச்சல். தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பதினைந்து வருடமாக ஓடியவர் அவர். பதிலுக்கு ஓர் இளைஞரை அனுப்பினேன். "போனில் மெப் இருக்கு நானா, பயப்படாதீங்க" என்று சொல்லிப் போனார். மலையேறியதும் சிக்னல் போனது. மெப்பும் வெறும் சாம்பல் நிறமானது. கீழ் டிவிஷனுக்குத் திரும்ப வேண்டிய முச்சந்தியில் மேல் டிவிஷனுக்கு ஏறிவிட்டார். மழையும் பிடித்துக்கொண்டது. வேன் உரிய இடத்துக்குப் போய்ச் சேரும்போது இரவு எட்டு மணி. வர வேண்டிய பணத்தில் பாதிகூட வரவில்லை. இரண்டு கடைக்காரர்கள் அடுத்த மாதம் வேறு ஆளிடம் சாமான் எடுத்தார்கள்.

நட்டத்தை விட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. எனது வியாபாரத்தின் பதினைந்து வருடப் பாதை முழுவதும் ஒரு மனிதரின் தலைக்குள் மட்டுமே இருந்திருக்கிறது!

அதன் பிறகுதான் இந்த விடயத்தைக் கொஞ்சம் படித்தேன். நம்மில் பலர் நினைப்பது போல, ஜீ.பீ.எஸ். வேலை செய்ய சிம் கார்டோ டேட்டாவோ தேவையில்லை. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளின் சமிக்ஞையைப் போன் நேரடியாகவே பெறுகிறது. நான்கு செய்மதிகள் கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது. அதனால் 100 மீற்றர் வரை இடம் மாறிக் காட்டும். அந்தப் பிழை நிறுத்தப்பட்ட பின்னரே இது நம்மைப் போன்றவர்களுக்கு உதவும் பொருளானது.

ஆகவே அந்த இளைஞரின் போனில் பழுதேதும் இருக்கவில்லை. நாம் நிற்கும் இடத்தைச் செய்மதி சொல்லும். ஆனால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள பாதைப் படம் இணையத்திலிருந்துதான் வருகிறது. அதை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. கூகுள் மெப்ஸில் உங்கள் படத்தை அழுத்தி, 'ஒப்லைன் மெப்ஸ்' என்ற இடத்துக்குப் போய், அவிசாவளையிலிருந்து பலாங்கொடை வரை கட்டம் போட்டு டவுன்லோட் செய்யலாம். வாகனப் பாதையை அது சிக்னல் இல்லாமலே காட்டும். இடைக்கிடை புதுப்பிக்க வேண்டும்; இல்லையேல் காலாவதியாகிவிடும். ஓபன்ஸ்ட்ரீட்மெப் என்பது 2004இல் தொடங்கி, பொதுமக்களே வரைந்து வரும் வரைபடம். ஒஸ்மேண்ட், ஓர்கனிக் மெப்ஸ் ஆகியவை அதைப் பயன்படுத்துகின்றன. முழு இலங்கையும் ஒரு கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். தோட்டத்தின் உட்பாதைகள் ஒன்றில் இல்லாவிட்டால் மற்றதில் இருக்கலாம். இரண்டையும் வைத்திருப்பது நல்லது.

இனி மெமரி கார்ட் விடயம். போனில் இடம் போதாவிட்டால் ஒஸ்மேண்ட் போன்றவற்றின் செட்டிங்ஸில் வரைபடத்தைச் சேமிக்கும் இடத்தைக் கார்டுக்கு மாற்றலாம். புதிய போன்கள் பலவற்றில் கார்ட் போடும் இடமே இல்லை. வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். பழைய கார்மின் கைக்கருவி வைத்திருப்பவர்கள் 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்டைப் போட்டுவிட்டுக் கருவியைக் குறை சொல்லக் கூடாது. பழைய மாதிரிகள் அதை ஏற்காது. மலிவு என்று நடைபாதையில் வாங்கும் கார்டிலும் கவனம் தேவை. 128 என்று அச்சிட்டிருக்கும். உள்ளே எட்டுத்தான் இருக்கும். நிறையும் வரை ஒன்றும் தெரியாது. நிறைந்த பின் பழைய கோப்புகள் அழிந்து போகும். வாங்கியவுடன் கணினியில் போட்டு முழுவதும் நிரப்பி, திரும்பத் திறந்து பாருங்கள்.

வரைபடம் மட்டும் போதாது. பல லயங்களுக்கு இலக்கமிட்ட முகவரி கிடையாது. தோட்டத்துக்கு எழுத்தில் ஒரு பெயர், நம் மக்கள் வாயில் இன்னொரு பெயர். ஆகவே ஒவ்வொரு கடையடியிலும் வேனை நிறுத்தி, அந்த இடத்தைப் போனில் அழுத்திப் பிடித்து, இரண்டு பெயரையும் சேர்த்துப் பதியுங்கள். காட்டும் எண்களைக் கொப்பியிலும் எழுதுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறத்தாழ ஒரு மீற்றர் வரை சரியாகும். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீற்றர் வரை தவறும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. மரம் அடர்ந்த பள்ளத்தாக்கில் செய்மதி கிடைக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். புறப்படும் முன் திறந்த வெளியில் போனைத் திறந்து வையுங்கள். படத்தில் கோடு இருந்தால் லொறி போகும் என்று அர்த்தமில்லை. மதகு தாங்குமா என்பதை அங்குள்ளவரிடம்தான் கேட்க வேண்டும். தோட்டப் பாதைக்குத் தோட்ட அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்ததையும், 2017 மே மாதத்தில் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியதையும் நாம் கண்டோம். நேற்றுப் பதிந்த பாதை இன்று இல்லாமல் போகலாம். மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டுவிட்டே வாகனத்தை அனுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்தையும் போனில் வையுங்கள்.

இன்னொன்று: கடன்காரரின் பெயரையும் தொகையையும் வரைபடத்தில் எழுத வேண்டாம். போன் தொலைந்தால் அவர்களுடைய மானமும் சேர்ந்து போகும்.

காய்ச்சல் குணமானதும் எனது சாரதியைக் கூட்டிக்கொண்டு, பயணத்தைப் பதிவு செய்யும் வசதியைப் போட்டு, இரண்டு நாள் எல்லாத் தோட்டங்களையும் சுற்றினேன். அந்த இரண்டு நாளுக்கும் தனியாகச் சம்பளம் கொடுத்தேன். வழி அவருடைய சம்பாத்தியம் அல்லவா? "என்னை நிற்பாட்டவா மொதலாளி இதெல்லாம்?" என்று முதலில் கேட்டார். "இல்லை, நீங்க நிம்மதியா லீவு எடுக்கத்தான்" என்றேன். அந்தப் பதிவின் பிரதியொன்று கடைக் கணினியிலும் இன்னொன்று மகனின் போனிலும் இருக்கின்றன.

அடுத்த 10ஆம் திகதிக்கு முன்னர் உங்கள் சாரதியோடும் ஒரு நாள் போய் வாருங்கள்.