எஞ்சினுக்கும் நாடி உண்டு!

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆவடி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது டாங்கித் தொழிற்சாலை. 1965-இல் விஜயந்தா டாங்கியை உருவாக்கிய ஊர் இது. டாங்கியின் டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறியும் வேண்டாம், கார்புரேட்டரும் வேண்டாம். பழைய பெட்ரோல் காருக்கோ இவ்விரண்டுமே உயிர்நாடி. இவற்றில் எது கெட்டது என்று கண்டறிவது எப்படி? அதை இங்கே காண்போம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தம் பழைய அம்பாசிடரைக் கல்யாண வாடகைக்கு ஓட்டி வருகிறார். குடும்பத்துக்கு அதுவே சோறு. சென்ற ஆண்டு அந்த வண்டியில் பிக்கப் குறைந்தது; எஞ்சின் கொதித்தது; பெட்ரோல் தண்ணீராய்ச் செலவாயிற்று. ஒரு பட்டறையில் "கார்புரேட்டர் போய்விட்டது" என்று சொல்லி இருமுறை உதிரிகளை மாற்றினர். பயனில்லை. "விற்றுவிடலாம்" என்று மனம் நொந்தார் பெரியவர்.

பிறகு வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். கார்புரேட்டரை அவர் தொடவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். பாயிண்ட்டுகளின் இடைவெளி ஏறக்குறைய மூடியிருந்தது. பில்லர் கேஜ் வைத்து 0.015 அங்குலமாகத் திருத்தி, டைமிங்கையும் சரிசெய்தார். வண்டி பழைய வேகம் பெற்றது!

இதன் காரணம் எளிய கணக்குதான். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. கலவை எரிந்து முடிய 2 மில்லி விநாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் எஞ்சின் 36 பாகை சுழன்றுவிடும். ஆகவே பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொறி விழ வேண்டும். பாயிண்ட்டைத் தள்ளும் சிறு நார்க்குதி தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் பிந்தும். அப்போது நெருப்பின் வலிமை பிஸ்டனைத் தள்ளாமல் புகைக்குழாய் வழியே வீணாகும். எனவேதான் சூடும், சோர்வும், பெட்ரோல் செலவும்.

மாறாகப் பொறி முந்தினால், மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் "டக டக" என்று உலோக ஒலி கேட்கும். அதைக் கவனியாமல் விட்டால் பிஸ்டனே பழுதாகும்.

கார்புரேட்டரின் குற்றத்தைப் பிளக்கே சொல்லும். முனையில் கரிய புகைப்படலம் இருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி, இளம்பழுப்பாயின் நலம். காற்று மிகுந்தால் கார்புரேட்டர் வழியே "பட்" என்று வெடிச் சத்தமும் வரலாம். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே பழைய ஜெட்டிலேயே ஓடும் வண்டியில் கலவை சற்று மெலிந்துவிடும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பிளக், அடுத்துப் பாயிண்ட் இடைவெளி, அதன்பின் டைமிங், இறுதியில்தான் கார்புரேட்டர். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும். ஆதலால் இவ்வரிசையைப் புரட்டக் கூடாது. டைமிங் பார்க்க விலையுயர்ந்த கருவி எதற்கு? முதல் சிலிண்டரின் அழுத்த வீச்சில் குறியை நேர்படுத்தி, சாவியைத் திருப்பி, டிஸ்ட்ரிபியூட்டரின் கம்பிமுனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே ஒரு 12 வோல்ட் பல்பை இணைத்தால் போதும். டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப, பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அதுவே பொறி பிறக்கும் கணம்!

அத்தகைய டிஸ்ட்ரிபியூட்டர்களைச் செய்த லூகாஸ்-டிவிஎஸ் ஆலை, 1961-இல் நம் அருகிலுள்ள பாடியில்தான் தொடங்கப்பட்டது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. புதிய கார்களில் இவ்வேலைகளைக் கணினியே கவனிக்கிறது. ஆயினும் காரணத்தைத் தேடாமல் உதிரியை மாற்றுவது வைத்தியம் ஆகாது என்னும் பாடம் பழையதாகுமா? ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முறையும் அதுதானே, நண்பர்களே!