நெஞ்சு நீர்: டிபியா, புற்றுநோயா?

சைதாப்பேட்டையிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வந்துவிடும். மறைமலை அடிகள் பாலம் தாண்டினால் கிண்டியில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை. கிழக்கே போனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. மின்சார ரயில் ஏறினால் காசநோய்க்குப் பேர்போன தாம்பரம் சானடோரியம். “மூச்சு வாங்குது, எக்ஸ்ரேல நெஞ்சுல தண்ணி கட்டியிருக்குன்னு சொல்றாங்க” என்று வருபவர் இவற்றில் எங்கே போக வேண்டும்? அதை அந்தத் தண்ணீரைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

நீர் கட்டுவது நுரையீரலுக்குள் அல்ல. அதைச் சுற்றியுள்ள இரண்டு மெல்லிய உறைகளுக்கு நடுவே. அங்கே எப்போதும் 10, 20 மில்லி நீர் இருக்கும்; ஊறுவதும் வடிவதும் சமமாக நடக்கும். புற்றுநோய் உறைக்குப் பரவினால் ரத்தக் குழாய்கள் கசியும், நிணநீர் வடிகால்கள் அடைபடும். லிட்டர் கணக்கில் நீர் சேர்ந்துவிடும்.

இதயமோ சிறுநீரகமோ பழுதானாலும் நீர் சேரும். அதைப் பிரித்தறிய அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் லைட் 1972-இல் வகுத்த அளவுகோலே இன்றும் உதவுகிறது. நெஞ்சு நீரில் உள்ள புரதம் ரத்தத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் இருந்தால், நோய் உறையிலேயே இருக்கலாம் என்று பொருள். நீர் எடுக்கும் நாளிலேயே ரத்தமும் எடுப்பது இதற்காகத்தான்.

நம் ஊரில் சிக்கல் இதற்குப் பிறகுதான். காசநோய், புற்றுநோய் இரண்டிலுமே வைக்கோல் நிற நீர் வரலாம். இரண்டிலும் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் நிறைந்திருக்கலாம். காசநோய்க் கிருமியோ அந்த நீரில் அபூர்வமாகத்தான் கண்ணில் படும். எனவே ஏடிஏ என்ற நொதியை அளக்கிறார்கள். 40-ஐத் தாண்டினால் காசநோய்ச் சந்தேகம் வலுக்கும். ஆனால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றிலும் அது எகிறும். ஒற்றை எண்ணை நம்பி டிபி மாத்திரையை ஆரம்பித்துவிட்டு, பின்னால் புற்றுநோய் என்று தெரிந்தால் போன மாதங்கள் திரும்பி வராது.

ஆய்வகத்தில் அந்த நீரைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலைக் கண்ணாடி ஸ்லைடில் தடவுகிறார்கள். ஒரு ஸ்லைடைக் காற்றில் உலர்த்தி ஜீம்சா சாயம் ஏற்றுவார்கள். இன்னொன்றை ஆல்கஹாலில் முக்கிப் பாப்பனிகொலாவ் சாயம். நுண்ணோக்கியில் பந்து பந்தாகத் திரண்ட, உட்கரு பெருத்த செல்கள் தெரிந்தால் சந்தேகம் எழும். அவசரப்படவும் கூடாது. உறையின் சொந்தச் செல்களே அழற்சியில் வீங்கி, இரண்டு மூன்று உட்கருவோடு புற்றுச் செல் போல வேஷம் கட்டும்.

மீதி வண்டலை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டுவதற்குச் ‘செல் பிளாக்’ என்று பெயர். அதில் ஆன்டிபாடிச் சாயங்கள் ஏற்றினால் செல் எங்கிருந்து புறப்பட்டது என்று துப்பு கிடைக்கும். டிடிஎஃப்-1 பிடித்தால் பெரும்பாலும் நுரையீரல்; கேட்டா-3 பிடித்தால் மார்பகமாக இருக்கலாம்; பாக்ஸ்-8 என்றால் சினைப்பையைத் தேட வேண்டும். இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றத்தையும் இதிலேயே பார்க்கலாம். நுரையீரல் புற்றுச் செல் நெஞ்சு நீருக்கு வந்துவிட்டால் அது நான்காம் நிலை. ஆனாலும் அந்த மாற்றம் இருப்பவருக்கு, கீமோ ஊசிக்குப் பதில் மாத்திரையிலேயே நோயைக் கட்டுப்படுத்த வாய்ப்பு உண்டு. புகையையே தொடாத பெண்களிடம் இந்த மாற்றம் அதிகம் காணப்படுகிறது.

இனி, பலர் தவறாகப் படிக்கும் வரி: “புற்றுச் செல்கள் காணப்படவில்லை.” புற்றுநோயால் நீர் கட்டிய 10 பேரில் சுமார் 6 பேருக்குத்தான் முதல் பரிசோதனையில் செல் சிக்குகிறது. செல்கள் உறையில் ஒட்டியிருந்து, நீரில் உதிராமலே இருக்கலாம். இரண்டாம் முறை எடுத்தால் இன்னும் சிலருக்குத் தெரியும். அதற்கு மேலும் ஊசி போட்டுக்கொண்டே இருப்பதில் பெரிய பலன் இல்லை. விலா இடுக்கில் சிறு துளையிட்டு, கேமரா வழியே உறையைப் பார்த்துச் சதை எடுக்கும் தோரகோஸ்கோபி 10-இல் 9 பேருக்கு மேல் விடை தந்துவிடும். ஸ்வீடனில் யாக்கோபேயஸ் 1910-இலேயே செய்துகாட்டிய முறை இது.

எனவே மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். குறைந்தது 50 மில்லி நீர் அனுப்பினீர்களா? செல் பிளாக் செய்யச் சொன்னீர்களா? செல் இல்லையென்றால், நீர் எதனால் வந்தது? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை சோதனை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.