கல் தேர் என்ன ஸ்பீடு?

கீரனூர் பக்கம் குன்றாண்டார்கோவில் போயிருக்கிறீர்களா? பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயில். 8-ம் நூற்றாண்டுச் சமாசாரம் என்கிறார்கள். அதற்கு முன்னால் பிற்காலத்து மண்டபம் ஒன்று, அச்சு அசல் தேர் மாதிரி. கல்லில் சக்கரம், இழுக்கக் கல் குதிரை. பல நூறு வருஷமாக ஓர் அங்குலம் நகராத தேர்!

‘நகராத’ என்று நான் சொன்னதுதான் தாமதம், கூட வந்த நண்பன் பிடித்துக்கொண்டான். ஆபீஸுக்குத் தினமும் பத்தே முக்காலுக்கு வந்துவிட்டு, “டயமே ரிலேட்டிவ்தானே ஸார்!” என்று மானேஜரையே மிரள வைக்கிற ஆசாமி அவன்.

“மாப்ளே, யாருக்குடா நகரலை? பூமி சுத்துறதுல இந்தத் தேர் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல கெழக்கே ஓடுது. சூரியன்லேர்ந்து பார்த்தா செகண்டுக்கு 30 கிலோமீட்டர். எல்லாமே பார்க்கிறவனைப் பொறுத்ததுடா!”

கணக்கு சரி. அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வில்லங்கம். 1905-ல் ஐன்ஸ்டீன் எழுதியதை வைத்துக்கொண்டு, ‘உன் உண்மை உனக்கு, என் உண்மை எனக்கு’ என்று கிளம்பிவிட்ட கூட்டம் பெரிது. அவர் சொன்னது கிட்டத்தட்ட நேர் எதிர்!

இயற்பியலில் ‘நிகழ்ச்சி’ என்றால் கல்யாணம், கச்சேரி அல்ல. ஓர் இடம், ஒரு கணம், அங்கே நடந்த ஒன்று. உளி கல்லைத் தொட்டது. முடிந்தது, அது நிகழ்ச்சி.

‘பார்வையாளர்’ என்றால் கண்ணால் பார்க்கிறவரும் அல்ல. கண்மாய்க்கு அக்கரையில் ஒருவர் கல் உடைக்கிறார். சம்மட்டி விழுவது தெரிகிறது. சத்தம் கொஞ்சம் கழித்து வருகிறது. அதனால் இரண்டு தடவை அடித்தார் என்று சொல்வோமா? சத்தம் வந்த நேரத்தைக் கழித்துக்கொள்கிறோம். வெளிச்சத்துக்கும் அதே கழித்தல்தான். கழித்துக் கணக்குப் போட அளவுகோலும் கடிகாரமும் வைத்திருப்பவர்தான் பார்வையாளர்.

பழைய கல்வெட்டுகளைப் பாருங்கள். இன்ன ராஜா பட்டத்துக்கு வந்து இத்தனையாவது வருஷம் என்றுதான் தேதி போடுவார்கள். சோழன் கணக்கு வேறு, பாண்டியன் கணக்கு வேறு. கோயிலுக்கு நிலம் கொடுத்தது ஒரே ஒரு தடவைதான். நம்பர் மாறும், நிகழ்ச்சி மாறாது.

‘சரி, இதுக்கு என்ன ஸார் ப்ரூஃப்?’ என்பீர்கள். தலைக்கு மேலேயே கொட்டுகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. பாவம், சராசரி ஆயுசு செகண்டில் பத்து லட்சத்தில் 2.2 பங்கு! வெளிச்ச வேகத்தில் ஓடினாலும் 660 மீட்டரில் கதை முடிய வேண்டும். ஆனால் தரை வரை வந்து சேர்கின்றன. எப்படி?

வெளிச்சத்தின் வேகத்தில் 99.9 சதவிகிதம் போகும் மியூவானை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்குப்படி அதன் கடிகாரம் 22 மடங்கு ஸ்லோ. ஆயுசு நீண்டுவிட்டது, வந்து சேர்ந்தது. மியூவானைக் கேட்டால், “என் ஆயுசு அதேதான். உங்கள் 15 கிலோமீட்டர்தான் சுருங்கி 670 மீட்டர் ஆகிவிட்டது” என்னும். நேரத்தில் சண்டை, தூரத்தில் சண்டை. ‘தரையில் விழுந்ததா?’ என்றால் இரண்டு பேரும் ‘ஆமாம்’. 1941-லேயே அமெரிக்க மலைகளில் ரோஸி, ஹால் என்ற இருவர் இந்த ஆயுசு நீளுவதை அளந்து காட்டிவிட்டார்கள்.

நம் ஊட்டியிலும் ‘கிரேப்ஸ்-3’ என்று ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. டாடா ஆராய்ச்சி நிறுவனத்துடையது. 560 சதுர மீட்டர் பரப்புக்கு மியூவான்களை எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1-ம் தேதி ஒரு இடிமேகம் கடந்தபோது, 18 நிமிஷம் மியூவான் வரத்து 2 சதவிகிதம் குறைந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டு, மேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்தது என்று 2019-ல் வெளியிட்டார்கள். அந்தக் கணத்தில் யாரும் மேகத்துக்குள் உட்கார்ந்து பார்க்கவில்லை. குழாய்களில் விழுந்த மின் துடிப்பு போதும். குவாண்டம் உலகில் ‘அளப்பது’ என்றால் என்ன என்று விஞ்ஞானிகள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். ஆனால் சோதனைக்கூடத்தில் சாட்சி சொல்ல மனுஷன் கண்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. அழியாத ஒரு பதிவு போதும்.

இன்னொன்று. தூரத்தில் நடந்த இரண்டு சம்பவங்களில் எது முந்தி என்பது சில சமயம் ஆளுக்கு ஆள் மாறலாம். ஆனால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்றால், அந்த வரிசையை எந்தப் பார்வையாளராலும் புரட்ட முடியாது. எவ்வளவு வேகமான ராக்கெட்டில் இருந்து பார்த்தாலும் உளி முதலில், சிற்பம் பிறகு. லேட் முதலில், மெமோ பிறகு!

அதனால், ‘அது உன் பார்வை’ என்று யாராவது ஒரு சம்பவத்தையே மூடி மறைத்தால், ஐன்ஸ்டீனைத் துணைக்குக் கூப்பிட விடாதீர்கள். அவர் கேட்பது ஒன்றுதான். எத்தனை பேர் எத்தனை விதமாக அளந்தாலும் மாறாதது எது?

இப்போது உள்ளங்கையை மேலே பார்த்து ஒரு நிமிஷம் நீட்டுங்கள். கிட்டத்தட்ட நூறு மியூவான்கள் அதைத் துளைத்துப் போயிருக்கும். நீங்கள் பார்க்கவில்லைதான். அவை வரத்தான் வந்தன.