மாமனுக்கு டி-ஷர்ட், மாப்பிள்ளைக்கு பேன்ட்!

திருப்பூருக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் வேறிடம், காம்பாக்டிங் இன்னோரிடம், தையல் பக்கத்துச் சந்து. நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரி ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் பெட்டிக்குள் போகும். (ஃபைல் போவதே இல்லை என்கிறீர்களா? அது வேறு கட்டுரை!)

இப்படி வேலையைப் பங்கு போட்டுப் பழகிய ஊர்தான். ஆனால் ஒரே தையல் வேலை செய்யும் இரண்டு சின்ன கம்பெனிகளை, 'ஆர்டரைச் சேர்த்துத் திட்டம் போடுங்க' என்று சொல்லிப் பாருங்கள். "நம்ம ரேட்டை அவன்கிட்ட காட்டறதா?" என்று முகம் மாறிவிடும்.

பி.காம். படித்தவன் என்பதால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பயப்படாதீர்கள், கூட்டல் கழித்தல்தான்.

மாமன் கம்பெனியில் ஒரு நாளைக்கு 1,200 டி-ஷர்ட் தைக்கலாம். அல்லது 600 டிராக் பேன்ட். மாப்பிள்ளை கம்பெனி சின்னது. எதுவானாலும் நாளைக்கு 400தான். இருவருக்கும் தனித்தனியாக ஆர்டர்: 12,000 டி-ஷர்ட், 12,000 பேன்ட். ஷிப்மென்ட்டுக்கு 40 நாள் கெடு.

மாமனுக்கு 10 நாளும் 20 நாளுமாக, 30 நாளில் முடிந்துவிடும். மாப்பிள்ளைக்கு 60 நாள். கப்பல் போயே போச்சு! சொந்தக் காசில் விமானத்தில் அனுப்பினால் லாபமும் கூடவே பறந்துவிடும்.

இப்போது இரண்டு ஆர்டரையும் ஒன்றாகக் கொட்டுங்கள். 24,000 டி-ஷர்ட்டையும் மாமனே தைக்கட்டும்: 20 நாள். அடுத்த 16 நாளில் அவரே 9,600 பேன்ட் தைத்துவிடுவார். மீதி 14,400 பேன்ட் மாப்பிள்ளைக்கு: 36 நாள். இருவருக்கும் 36-ஆம் நாள் வேலை முடிந்தது. கப்பலும் கிடைத்தது.

கவனித்தீர்களா? மாப்பிள்ளை எதிலுமே மாமனை மிஞ்சவில்லை. டி-ஷர்ட்டில் மூன்று மடங்கு பின்தங்கியவர், பேன்ட்டில் ஒன்றரை மடங்குதான் பின்தங்கியிருக்கிறார். அந்த இடத்தில் அவரை உட்கார வைத்தோம், அவ்வளவுதான்.

இந்த வித்தைக்கு 'லீனியர் புரோகிராமிங்' என்று பெயர். 1939-லேயே ரஷ்யாவின் கான்டரோவிச், பிளைவுட் ஆலைகளில் எந்த மெஷினுக்கு எந்த வேலை என்ற கேள்வியில் ஆரம்பித்து இதை எழுதினார். 1947-ல் அமெரிக்காவின் டான்ட்சிக் 'சிம்ப்ளெக்ஸ்' முறையைத் தந்தார். கான்டரோவிச்சுக்கு 1975-ல் நோபல் பரிசே கிடைத்தது.

"அதெல்லாம் சரிங்க மாப்ளே, எனக்கு 30 நாள் வேலை 36 ஆயிடுச்சே?" என்பார் மாமன். நியாயமான கேள்வி! கூட்டு உடைவது இங்கேதான். கணக்கு தப்பி அல்ல, பங்கு தப்பி.

அதற்கும் வழி உண்டு. தனித்தனியாக 90 நாள்; சேர்ந்தால் 72. மிச்சம் 18 நாள். ஆளுக்கு 9. அப்படியென்றால் மாமன் சுமக்க வேண்டியது 21 நாள், மாப்பிள்ளை 51. இருவரும் 36 நாள் ஓட்டியதால், 15 நாள் ஓட்டக் கூலியை மாப்பிள்ளை மாமனுக்குத் தர வேண்டும். (ஒரு நாள் செலவு இருவருக்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு!) இரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் எப்படிப் பிரிப்பது என்பதையும் ஷேப்லி என்பவர் 1953-ல் சொல்லிவிட்டார். 2012-ல் அவருக்கும் நோபல்!

ரேட்டைக் காட்டவே வேண்டாம். நாளைக்கு எத்தனை பீஸ், எத்தனை நாள் மெஷின் காலி: இவ்வளவு போதும். அதையும் இருவருக்கும் பொதுவான ஒரு கணக்கரிடம் கொடுத்தால் சரி. எக்ஸெலில் இருக்கும் 'சால்வர்' மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பீஸ் கணக்கைக் கூட்டிச் சொன்னால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கெடு தப்பும்போதுதான் தெரியும்.

எனவே எண்ணை உண்மையாகச் சொல்லுங்கள். பங்கை வேலை தொடங்கும் முன்பே எழுதி, கையெழுத்துப் போடுங்கள். மாமன் மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி... இருந்தால் கட்டாயமாக!