நூறு தவளை, ஒரு குட்டை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், டி சோட்டோ தேசியக் காட்டுக்குள் க்ளென் குட்டை என்று ஒன்று இருக்கிறது. 2001இல் டஸ்கி கோஃபர் தவளையை அழியும் இனமாக அந்நாட்டு அரசு அறிவித்தபோது, உலகத்தில் அது மிஞ்சியிருந்ததாகத் தெரிந்த இடம் அந்தக் குட்டைதான். பெரிய தவளைகள் நூறு தேறலாம் என்றார்கள்.

குண்டு உடம்பு, முதுகெல்லாம் மரு. ஆண் தவளை கூப்பிட்டால் யாரோ குறட்டை விடுவதுபோல் கேட்கும். பயந்துவிட்டால் முன்னங்கால்களால் கண்ணைப் பொத்திக்கொள்ளும்! கோஃபர் என்பது ஓர் ஆமையின் பெயர். அது தோண்டிய வளையிலோ, உளுத்த பைன் மரக்கட்டையின் பொந்திலோதான் ஆண்டில் பெரும்பகுதி இதன் குடித்தனம். குளிர்கால மழையில் குட்டை நிரம்பியதும் முட்டையிட வரும்.

கோடையில் அந்தக் குட்டை வற்றியாக வேண்டும். வற்றாவிட்டால் மீன் குடியேறித் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும். சீக்கிரமே வற்றினாலோ, கால் முளைப்பதற்குள் அத்தனையும் செத்துப்போகும். அப்படி மொத்தமாக வீணான வருஷங்கள் பல. எப்போதாவது பிழைத்துக் கரையேறும் கூட்டம் நாலைந்து தாய்களின் பிள்ளைகளாக இருக்கலாம். ஆக, நூறு தவளை என்றாலும் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று.

சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதியாக வருகிறது. ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும். இரண்டும் ஒரே பாட்டியிடமிருந்து வந்த பழுதுப் பிரதியாக இருந்தால் கைகொடுக்க ஆளில்லை.

இந்த உறவு நெருக்கத்தை அளக்க, டி.என்.ஏ.வில் இரண்டு மூன்று எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் துண்டுகளைப் பார்க்கிறார்கள். எத்தனை முறை திரும்புகிறது என்பது தவளைக்குத் தவளை மாறும். க்ளென் குட்டையில் அந்த மாற்றம், நெருங்கிய உறவினமான கோஃபர் தவளைகளில் இருப்பதைவிடக் குறைவு. எனக்கு முக்கியமாகப் படுவது 2014இல் வெளியான ஆய்வு: தலைப்பிரட்டைகளில் தவளையாகும் வரை தாக்குப்பிடித்தவை, மரபணு வேறுபாடு கூடுதலாக இருந்தவை.

இந்தத் தவளையைக் காப்பாற்ற, இப்போது முட்டைக் குலைகளில் கொஞ்சத்தைப் பிய்த்தெடுத்து, மாடு தண்ணீர் குடிக்கும் பெரிய தொட்டிகளில் வளர்க்கிறார்கள். கால் முளைத்ததும் கொண்டுபோய்க் குட்டையில் விடுகிறார்கள். வேறு குட்டைகளிலும் குடியேற்றுகிறார்கள். மிருகக்காட்சிசாலைகளில் செயற்கைக் கருத்தரிப்பும் நடக்கிறது. எந்தப் பெண்ணுக்கு எந்த ஆண் என்று அங்கே வம்சாவளி பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறார்கள்.