ஆண்டறிக்கை உங்களுக்கும்தான்: எங்கே கிடைக்கும், எதைப் பார்க்க வேண்டும்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் ஒரே தவறு ஆண்டுதோறும் நடக்கிறது. போனஸ் பேச்சு தொடங்கும்போது “கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறதாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். தொழிலாளர்கள் அதை நம்பிக் கலங்குவார்கள். ஏரியைத் தூர்வார நிதி கேட்கும் ஊராட்சியினர், அந்தக் கம்பெனி எவ்வளவு செலவழிக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்றே பார்க்காமல் ஆட்சியரிடம் மனு கொடுப்பார்கள். பங்கு வைத்திருக்கும் பெரியவர், மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறக்காமலே அழிப்பார். மூவருக்கும் வேண்டிய விவரம் ஆண்டறிக்கையில் இருக்கிறது.

கம்பெனிகள் மீது எனக்குக் கோபம் உண்டு. நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலம், முன்பகுதி முழுக்க வழவழப்பான படங்கள். விபத்துக் கணக்கு எங்கோ பின்னால் ஓர் அட்டவணைக்குள். வாசலில் மாட்டும் பெயர்ப்பலகையையே உள்ளூர் மொழி எழுத்திலும் எழுதச் சொல்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 12-வது பிரிவு. தமிழ்நாட்டில் பதிவு அலுவலகம் உள்ள பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் காலாண்டு நிதி முடிவுகளுக்குத் தமிழ் நாளிதழில் விளம்பரம் தருகின்றன. ஆண்டறிக்கைக்கு மட்டும் தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் தர எந்தச் சட்டம் தடுத்தது?

சரி, படிக்க விரும்புபவர் செய்ய வேண்டியது. முதலில் சிஐஎன் எனப்படும் 21 எழுத்து அடையாள எண்ணைக் கண்டுபிடியுங்கள். கம்பெனியின் கடிதத்தாளில் அது இருந்தே ஆக வேண்டும்; நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் கடிதத்தில் இருப்பது ஒப்பந்ததாரரின் எண். அதைக் கொண்டு ஆலையின் கணக்கைத் தேடாதீர்கள். முதல் எழுத்து ‘எல்’ என்றால் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது, ‘யு’ என்றால் பட்டியலிடப்படாதது. நடுவில் வரும் இரண்டு எழுத்துகள் பதிவு அலுவலகம் உள்ள மாநிலம். அது ‘டிஎன்’ இல்லையென்றால், ஆலை ஒரகடத்தில் இருந்தாலும் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள கம்பெனிப் பதிவாளரிடம் மனு கொடுத்துப் பயனில்லை.

‘எல்’ என்றால் வேலை எளிது. 2024 அக்டோபரில் பட்டியலான ஹூண்டாய், ராயல் என்ஃபீல்டை நடத்தும் ஐஷர் மோட்டார்ஸ், ஒரகடத்தில் டயர் செய்யும் அப்போலோ ஆகியவற்றின் ஆண்டறிக்கைகளை அவற்றின் இணையதளத்திலும் பங்குச்சந்தைத் தளங்களிலும் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பங்கு இருக்க வேண்டியதில்லை. சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகளுக்கு 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பறிக்கை கட்டாயம். நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள். நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, மற்றவர் எத்தனை, பணியில் இறந்தவர் எத்தனை பேர், சங்கத்தில் இருப்பவர் எத்தனை சதவீதம், தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதெல்லாம் அங்கே உண்டு.

‘யு’ கம்பெனிகளில்தான் மக்கள் ஏமாறுகிறார்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவால் பெண்கள் நோயுற்றுப் போராடிய ஃபாக்ஸ்கான், 2024-இல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்த சாம்சங் ஆகியவற்றின் இந்தியக் கம்பெனிகள் பட்டியலிடப்படாதவை. இவற்றின் கணக்கு வேண்டுமென்றால் உடனே தகவல் அறியும் உரிமை மனு எழுதுகிறார்கள். தனியார் கம்பெனி அந்தச் சட்டத்துக்குள் வராது! கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பதிவு செய்து, பொது ஆவணங்கள் பகுதியில் சிஐஎன் கொடுத்து, 100 ரூபாய் கட்டினால் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஏஓசி-4 படிவமும் அதன் இணைப்புகளும் திறக்கும். பார்வை நேரம் குறைவு, உடனே இறக்கிச் சேமியுங்கள். இலாப நட்டக் கணக்கோடு நிறுத்தாமல் இயக்குநர் குழு அறிக்கையையும் படியுங்கள். 2025 ஜூலை 14-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வந்த பாலியல் தொல்லைப் புகார்கள், தீர்த்தவை, 90 நாளுக்கு மேல் கிடப்பவை ஆகியவற்றின் எண்ணிக்கை அதில் இருக்க வேண்டும். சமூகப் பொறுப்புச் செலவும் அங்கேதான். கடந்த மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதம், ஆலையைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை என்கிறது 135-வது பிரிவு. ஊராட்சி மனுவில் இந்தத் தொகையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தொகை இல்லாத மனுவை யாரும் மதிப்பதில்லை.

தேதியை மறக்காதீர்கள். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனியின் பொதுக்குழு செப்டம்பர் 30-க்குள், தாக்கல் அதிலிருந்து 30 நாளுக்குள். தீபாவளி போனஸ் பேச்சுக்கு ‘யு’ கம்பெனியின் புதிய கணக்கு பெரும்பாலும் அமைச்சகத் தளத்தில் வந்திருக்காது. முந்தைய ஆண்டுக் கணக்கையாவது கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வாட்ஸ்அப் செய்தியை வைத்துப் பேசாதீர்கள்.

நிறுவனச் செயலாளர்களுக்கு ஒரு வார்த்தை. பிஆர்எஸ்ஆர் எண்கள் எல்லா ஆலைகளுக்கும் சேர்த்த மொத்தம். ஆலைக்குப் பக்கத்து ஊரான வல்லத்துக்காரருக்கு அதனால் ஒன்றும் விளங்காது. இந்த ஆலையின் தண்ணீர், விபத்து, இந்த ஊர்களில் செய்த செலவு ஆகியவற்றைத் தனியே எடுத்துத் தமிழிலும், வடமாநிலத் தொழிலாளருக்காக இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டு ஷிப்டு மாறும்போது வாசலில் கொடுங்கள். விபத்துக் கணக்கை மட்டும் விட்டுவிட்டு அச்சிடாதீர்கள்.

பங்குதாரருக்கு அறிக்கை வரவில்லையா? பொதுக்குழுக் கூட்டத்துக்கு 21 நாள் முன்பே வந்திருக்க வேண்டும். முதலில் நிறுவனச் செயலாளருக்கு எழுத்தில் கேளுங்கள். பட்டியலிடப்பட்ட கம்பெனியானால் அடுத்து, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் புகார்த் தளம். அங்கே பதிவான புகாருக்குக் கம்பெனி 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒரே பங்கு இருந்தாலும் பொதுக்குழுவில் கேள்வி கேட்கலாம். இணையவழிக் கூட்டமானால் பேசப் பதிவு செய்யும் கடைசித் தேதி நோட்டீசில் இருக்கும். அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.