மலையும் சக்கரமும் – 9: ஆறிய பிரேக் சாட்சி சொல்லாது

மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன கார், அடிவாரத்துப் பட்டறைக்கு வந்து சேரும்போது ஒழுங்காகப் பிடிக்கும். ஜவ்வாது மலையின் கீழே தொழில் செய்யும் மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன சங்கடம் இது. ஜமுனாமரத்தூரிலிருந்து அத்திமூர் வழியாகப் போளூருக்கு இறங்கும் ஒருவர், வளைவில் மிதித்த பெடல் அடிவரைக்கும் போய்விட்டது என்பார். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எப்படியோ ஓரங்கட்டி, மரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்து பயம் தெளிந்து வந்திருப்பார். பட்டறையில் மிதித்துப் பார்த்தால் பெடல் மேலேயே நிற்கும்.

“நல்லாத்தானே சார் இருக்கு” என்று அனுப்பிவிடும் பட்டறைகள் உண்டு. முன்சக்கரத்து பேடை மாற்றி பில் போட்டுக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. இரண்டு பேருமே அந்த வண்டியை மறுபடியும் அதே வளைவுக்குத்தான் அனுப்புகிறார்கள். இந்த வாரம் முழுக்க இதைப் பற்றியே பேச நினைக்கிறேன்.

போளூர்ப் பக்கம் நான் பார்த்த ஒரு பட்டறைக்காரர், ஜாக்கியைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்காரரை உட்காரவைத்து விசாரித்தார்.

“எந்த இடத்துல போச்சு தம்பி?”

“பாதிக்கு மேல இறங்கிட்டேண்ணே.”

“எந்த கியர்ல வந்த?”

“மூணு, நாலு... நடுவுல நியூட்ரல்லயும் விட்டேன்.”

“மிதிக்கறப்ப கட்டையா இருந்துச்சா, மெத்துனு உள்ள போச்சா?”

“மெத்துனு போச்சுண்ணே. ரெண்டு மூணு வாட்டி அடிச்சதும் கொஞ்சம் மேல வந்துச்சு.”

“கருகுன வாடை?”

“அது முன்னாடியே வந்துச்சு.”

பாதி நோய் இதிலேயே பிடிபட்டுவிட்டது. பெடல் கட்டையாக நின்றும் வண்டி நிற்காமல் ஓடினால், சூட்டில் பேடின் பிடிப்பு போயிருக்கிறது. பெடல் மெத்தென்று உள்ளே போனால், பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. வண்டி நிற்கும்போது, ஆறிய நிலையிலும், காலை வைத்து அழுத்தினால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகிறதா? வெளியே கசிவும் இல்லையா? அப்படியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம். முழு பலத்தோடு மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால் பூஸ்டரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் பூஸ்டர் வேலை செய்வது இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடத்தால். பெட்ரோல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்கள், இரண்டு மூன்று மிதியிலேயே அந்த உதவியைத் தீர்த்துவிடுகிறார்கள். அதன்பின் இருப்பது வெறும் கால்பலம்தான். இப்படி மிச்சப்படுத்தும் பெட்ரோலின் விலையையும் உடன் வருகிறவர்களின் உயிரையும் ஒரே தட்டில் வைக்க எப்படி மனசு வருகிறதோ!

ஆயில் ஏன் கொதிக்க வேண்டும்? ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். இறங்கும் வழியில் அது விட்டாக வேண்டிய ஆற்றல் சுமார் 59 லட்சம் ஜூல். ஏறக்குறைய 20 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு வெப்பம் போதும். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கியரைக் குறைத்து வந்தால் இன்ஜின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் இன்ஜினின் பங்கும் பிரேக்கின் தலையில்தான் விழும், அதிலும் முன்சக்கரங்களின் தலையில். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

அந்தச் சூடு டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து காலிப்பர் பிஸ்டனுக்கும், அங்கிருந்து ஆயிலுக்கும் போகிறது. நம் கார்களில் பொதுவாக ஊற்றப்படுவது டாட் 3 அல்லது டாட் 4 வகை ஆயில். தரநிர்ணயப்படி புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையிலும், டாட் 4 230 டிகிரி வரையிலும் கொதிக்கக் கூடாது. ஆனால் இந்த ஆயிலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மூடி வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் காற்றின் ஈரம் மெல்ல உள்ளே சேரும். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த ஆயிலுக்குத் தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை டாட் 3க்கு 140, டாட் 4க்கு 155 டிகிரிதான். சமவெளியில் ஓடும் வரை இந்த வித்தியாசத்தைக் கால் உணராது. மலையில் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கும்போதுதான் அது வெளியே வரும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழை நசுக்குவதில் போய்விட, பிஸ்டன் நகராமல் நின்றுவிடும். ஆறியதும் குமிழ் மறுபடி திரவமாகிவிடும். பட்டறைக்கு வரும்போது பெடல் மேலே நிற்பதற்குக் காரணம் இதுதான். நடந்ததற்கான தடயமே அழிந்துவிடுகிறது.

அழியாத தடயங்களும் உண்டு. சக்கரத்தைக் கழற்றியதும் பட்டறைக்காரர் டிஸ்க்கைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளிநிறமாக இருக்க வேண்டிய முகத்தில் நீலம் படர்ந்த திட்டுகள். அளவுக்கு மீறிச் சூடேறிய இரும்பின் அடையாளம் அது. பேடை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். நகம் வழுக்கியது. பாதிக்கு மேல் கனம் இருந்தும் அதன் முகம் பளபளவென்று இறுகிப்போயிருந்தது. ஒரு பக்கத்து பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்ததால் காலிப்பர் பின்னை உருவினார். கிரீஸ் காய்ந்து மண்ணேறி, பின் இறுகிக் கிடந்தது. காலை எடுத்த பிறகும் அந்த பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. சூட்டில் அதற்கும் பங்குண்டு. கடைசியாக ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய ஆயில், இரண்டாம் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

“எப்ப மாத்துன?”

“மாத்தணுமாண்ணே? கொறஞ்சா ஊத்துவேன்.”

இந்தப் பதிலை அநேகமாக எல்லா வண்டிக்காரர்களிடமும் கேட்கலாம். இன்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மாற்றுகிறவர்கள் பிரேக் ஆயிலை மறந்தே போகிறார்கள். பல கார் நிறுவனங்களின் கையேட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கும். பேட், டிஸ்க் விலையோடு பார்த்தால் இது சொற்பச் செலவு. மட்டம் குறைந்தால் ஊற்றி நிரப்பிவிடுவதும் நல்லதல்ல. பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும், எங்காவது கசிந்தாலும் இறங்கும். எதனால் என்று பார்க்காமல் ஊற்றுகிறவர் வண்டி காட்டிய எச்சரிக்கையை மறைத்துவிடுகிறார். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ரப்பர்கள் உப்பிப்போய், பிரேக் அமைப்பையே பிரித்துப் பல உதிரிகளை மாற்ற வேண்டி வரும்.

பிரேக் ஆயிலை மாற்றும் வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் நிப்பிளில் டியூபை மாட்டி பாட்டிலுக்குள் விடுகிறார். “அடி... அடி... புடிச்சிக்கோ!” மிதித்த காலை எடுக்காமல் பிடித்திருக்கும்போது நிப்பிள் திறக்கப்படும். கறுத்த ஆயிலும் காற்றுக்குமிழும் டியூபில் ஓடும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்திக்கொண்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். டப்பாவில் மட்டம் அடியைத் தொடாதபடி புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். அவசரப்படுகிற பட்டறைகள் முன்சக்கரத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. நான்கிலும் தெளிந்த ஆயில் வரும்வரை இவர் விடவில்லை.

பின்சக்கரத்து டிரம்மில் வேறு கதை. வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருந்தால் துடைத்துவிட்டு மாட்டக் கூடாது. சிலிண்டரைச் சரிசெய்து ஷூவை மாற்ற வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஜோடியாக. இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடையலாம், ஆனால் அதன்மீதே பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டிரம் மெலிந்து, சூட்டைத் தாங்கும் திறன் குறைந்துவிடும்.

இத்தனைக்கும் தமிழ்நாடு பிரேக்குக்குப் பேர்போன மாநிலம். சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962இல் தொடங்கியது. அதன் வார்ப்பாலை சோளிங்கரில், இந்த மலைக்கு எட்டின தூரத்தில்தான் இருக்கிறது. ரானே பிரேக் லைனிங்ஸ் 1964இலும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இலும் வந்தன. நல்ல உதிரிக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. பெயரில்லாத பெட்டியில் பாதி விலைக்கு வரும் பேடை மலைவண்டிக்கு மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கார்க்காரர்களை மட்டும் சொல்லி நிறுத்த மனமில்லை. புதூர்நாடு, நெல்லிவாசல் பக்கத்து மலைக்கிராமங்களில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சரக்கு வேனில் ஏறிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022 ஏப்ரல் 2ஆம் தேதி, புலியூரிலிருந்து சேம்பரை கோயிலுக்குப் புறப்பட்ட அப்படியொரு வேன் மலைப்பாதையில் கவிழ்ந்து 11 பேர் இறந்துபோனார்கள். அது பிரேக்கால் நடந்ததென்று நான் சொல்லவரவில்லை. சரக்கு வேனில் ஆளை ஏற்றக் கூடாது என்பது சட்டம். பஸ் போதாத ஊரில் அந்தச் சட்டத்தை மட்டும் நீட்டினால் ஜனங்கள் எதில் போவார்கள்? நேரத்துக்கு பஸ் விட வேண்டியது அரசின் பொறுப்பு. அதுவரை ஓடத்தான் போகிற வேன்களின் பிரேக்கையாவது ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் அடிவாரத்தில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். ஒரு வண்டிக்கு அரைநாள் வேலைகூட இல்லை.

அந்தத் தம்பியின் கார் சாயங்காலம் தயாரானது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துச் சாவியைக் கொடுத்துவிடவில்லை பட்டறைக்காரர். புது பேட் டிஸ்க்கோடு ஒட்டிப் பழக வேண்டும் என்று, சமவெளிச் சாலையில் மிதமான வேகத்தில் பலமுறை மிதித்து, நடுநடுவே ஆறவிட்டு ஓட்டினார். பிறகு மலைச்சாலையில் கொஞ்ச தூரம் ஏறி, இரண்டாவது கியரில் இறங்கினார். கீழே வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய், தொடாமலே சூட்டைப் பார்த்தார். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் காலிப்பர் பின் இன்னும் இறுகியிருக்கிறதென்று அர்த்தம். இடமும் வலமும் ஒரே அளவாக இருந்தன. அதற்குப் பிறகுதான் கழற்றிய பழைய பேடுகளைக் காகிதத்தில் சுற்றி, பில்லோடு சேர்த்து வண்டிக்காரர் கையில் கொடுத்தார்.

இதுவரை சொன்னது ஆயிலால் பிடிக்கும் பிரேக். திருப்பத்தூரிலிருந்தும் போளூரிலிருந்தும் இந்த மலையேறும் பஸ்களில் இருப்பது காற்றால் பிடிக்கும் பிரேக். அதன் பழுதுகள் வேறு, அவை கொடுக்கும் சத்தங்களும் வேறு. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)